காஸ் ஏறிய பியரைத் தாங்கி மாற்றுவதும் வடிகட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோடாத் தாங்கி, குளிர்ப்பெட்டி, காஸ் லைன் பொருத்துவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இருந்துதான் செய்கிறேன். அதனால் பியர் காய்ச்சுகிறவர்களும் என்னிடம்தான் கேட்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கராஜுக்குள் காய்ச்சுகிற எங்கடை பிள்ளைகள் ஒரு பக்கம், இங்கே இஞ்சிச் சோடா போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஹொட்டலில் அனுமதி எடுத்துச் சின்ன ஆலை போட யோசிக்கிறவர்களும் இடைக்கிடை வருவார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அமுக்கம் எல்லாம் கேஜில் தெரிகிற அளவு, பாரில். ஒரு பார் என்பது கிட்டத்தட்ட எங்களைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டில் பியர் காய்ச்சலாமோ?

ஏலாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். கள்ளுச் சீவுகிறவருக்கே அனுமதி வேண்டியிருக்கிற நாட்டில் பியருக்கு விலக்கு எங்கே வரும்? கனடாவிலும் பிரித்தானியாவிலும் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இங்கே இருந்து கைப்பழக்கம் எடுக்க விரும்புகிறவர்கள் சோடாத் தண்ணீரிலும் இஞ்சிச் சோடாவிலும் பழகுங்கள். காஸ் நடந்துகொள்கிற விதம் இரண்டிலும் ஒன்றுதான். சோடாவை நுரைக்காமல் தாங்கி மாற்றப் பழகியவருக்குப் பியர் கஷ்டமாக இராது.

ஒரு தாங்கியில் இருந்து மற்றதுக்கு மாற்றினால் முழுக்க நுரையாய்ப் போகுது. ஏன்?

பியருக்குள் கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டு அங்கே தங்கியிருப்பது அமுக்கத்தாலும் குளிராலும். இரண்டில் ஒன்று குறைந்தால் அது வெளியே வரப் பார்க்கும். எவ்வளவு அமுக்கம் இருந்தால் காஸ் பேசாமல் இருக்கும் என்பது வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். சாதாரண லாகர் பியரில் காஸ் 2.5 கனவளவு இருக்கும், அதாவது ஒரு லீற்றர் பியருக்குள் இரண்டரை லீற்றர் காஸ், லீற்றருக்குக் கிட்டத்தட்ட 5 கிராம். இந்தப் பியரை 2 பாகை செல்சியஸில் வைத்திருந்தால் 0.7 பார் போதும். 10 பாகைக்கு 1.2 பார் வேண்டும், 20 பாகைக்கு 1.9. எங்கள் வீட்டு அறை வெப்பம் 30 பாகை என்று வையுங்கள், 2.6 பார் தேவை.

இப்போது நீங்கள் செய்வதைப் பாருங்கள். 2 பாகையில் குளிர்ந்த பியர். வாங்குகிற தாங்கி வெறுமையாய், மூடி திறந்து, கேஜ் பூச்சியத்தில். நடுவில் வெயிலில் கிடந்த குழாய். பியர் வால்வைத் தாண்டியதும் அமுக்கம் பூச்சியத்துக்கு விழுகிறது, குழாயில் சூடேறுகிறது, தாங்கியின் அடியில் மோதிக் கலங்குகிறது. காஸ் வெளியேறக் காரணம் மூன்று ஒன்றாகக் கூடிவிட்டது. நுரைக்காவிட்டால்தான் அதிசயம்.

நுரை என்பது வெறும் சிரமம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். போகிற நுரையோடு காஸ் போகிறது. பியரின் தலையில் நுரை நிற்கக் காரணமான புரதத்தில் ஒரு பங்கும் போகிறது. ஒரு தடவை நுரைத்து அடங்கிய பியர் குவளையில் பழையபடி நுரை கட்டாது.

அப்ப எப்படித்தான் மாற்றுவது?

வாங்குகிற தாங்கியை முதலே அமுக்கத்தில் வையுங்கள். மிச்சம் எல்லாம் இதில் இருந்து வருகிறதுதான்.

2 பாகைப் பியர், 0.7 பாரில் சமநிலை, அதாவது அந்த அமுக்கத்தில் காஸ் பேசாமல் இருக்கும் என்று எடுப்போம். வாங்குகிற தாங்கிக்குள் காபனீரொட்சைட்டை விட்டு 1.0 பாருக்கு ஏற்றுங்கள். கொடுக்கிற தாங்கியை 1.2 பாருக்கு ஏற்றுங்கள். இரண்டிலும் பியரின் சமநிலை அமுக்கத்துக்கு மேலேதான் நிற்கிறோம், ஆகவே காஸ் வெளியே வர ஒரு நியாயமும் இல்லை. பியரை நகர்த்துவது நடுவில் உள்ள 0.2 பார் வித்தியாசம் மட்டும். குழாயைப் பொருத்தினால் பியர் சத்தமில்லாமல் போகத் தொடங்கும்.

ஆனால் பியர் ஏற ஏற வாங்குகிற தாங்கியில் உள்ள காஸ் நெருக்குப்படும், அமுக்கம் ஏறும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் சமமாகி ஓட்டம் நின்றுவிடும். அதற்காக அதன் காஸ் பக்கத்தில், குறித்த அமுக்கத்துக்கு மேலே வந்ததை மட்டும் வெளியே விடுகிற வால்வு பூட்ட வேண்டும். ஸ்பண்டிங் வால்வு என்று கேட்டு வாங்குங்கள். அதை 1.0இல் வைத்துவிட்டால் ஏறுகிற காஸை அது மெல்லிய சீறலோடு விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டத்தின் வேகத்தையும் அந்த வால்விலேயே கட்டுப்படுத்துங்கள். பியர் வருகிற வால்வை அரைகுறையாகத் திருகி வேகம் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒடுங்கிய வாயில் பியர் பாய்ந்து போகும்போது அந்த இடத்தில் அமுக்கம் விழும், அங்கேயே குமிழி கட்டும். பியர் வால்வு என்றால் முழுக்கத் திற அல்லது முழுக்கப் பூட்டு.

பியர் அடியால் ஏற வேண்டும். கெக் என்கிற உருக்குப் பீப்பா என்றால் அடிவரை போகிற நீளக் குழாய்ப் பக்கம் பியரைக் கொடுங்கள், காஸ் மற்றப் பக்கத்தால் வெளியேறட்டும். மாறிப் பூட்டினால் மேலிருந்து கொட்டும்.

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. குவளைக்கு ஊற்றுகிற ஒடுங்கிய லைனை இதற்குப் பாவிக்க வேண்டாம். அகன்ற, உள்ளே வழவழப்பான, நீளம் குறைந்த குழாய் நல்லது. தொடங்க முன் அதை ஐஸ் வாளிக்குள் சுருட்டிப் போட்டு வையுங்கள். முதல் வருகிற அரைக் கோப்பை எப்படியும் நுரைதான், வெளியே விட்டுவிடுங்கள். உள்ளே தெரிகிற குழாய் என்றால் பிறகு அதற்குள் பாருங்கள்: பியர் ஓடுவதே தெரியாத மாதிரித் தெளிவாக இருந்தால் எல்லாம் சரி. ஊசிமுனைக் குமிழிகள் ஒரு வளைவில் இருந்து மட்டும் புறப்பட்டு வந்தால் அந்த வளைவில் வாஷர் துண்டோ மதுவப் (ஈஸ்ற்) படிவோ ஒட்டியிருக்கிறது.

புவியீர்ப்பில் மாற்றலாமோ? காஸ் மிச்சம் பிடிக்குமே.

தாராளமாக. எனக்குப் பிடித்த முறையும் அதுதான். கொடுக்கிற தாங்கியை மேசையில் ஏற்றி, வாங்குகிறதை நிலத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அமுக்கத்துக்குக் கொண்டுவந்து, தலைக்குத் தலை ஒரு காஸ் குழாயும் அடிக்கு அடி ஒரு பியர்க் குழாயும் பூட்டுங்கள். பியர் கீழே இறங்க, அங்கிருந்த காஸ் மேலே போய் இடம் பிடிக்கும். வெளியே ஒன்றும் போகாது. ஒரு மீற்றர் உயரம் 0.1 பார்தான், ஆகவே மெதுவாகத்தான் போகும். அவசரக்காரருக்கு உதவாது.

பம்ப் போட்டால்?

வீட்டு அளவில் தேவையில்லை. ஆலைகளில் பாவிக்கிறார்கள், ஆனால் அங்கேயும் பம்புக்குள் போகிற பக்கம் நல்ல அமுக்கம் இருக்க வேண்டும். சுழல் பம்பின் உறிஞ்சு வாயில் அமுக்கம் விழும். விழுந்து சமநிலைக்குக் கீழே போனால் பம்புக்குள்ளேயே காஸ் பிரிந்து, சரளைக்கல்லுச் சுற்றுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். பம்பைத் தாங்கிக்குக் கீழே, கிட்ட வையுங்கள். வேகத்தை மோட்டரில் குறையுங்கள், முடியாவிட்டால் வெளியே போகிற பக்கத்து வால்வில் குறையுங்கள். உறிஞ்சு பக்கத்து வால்வில் கைவைக்க வேண்டாம். கிணற்றுக்குப் போடுகிற வீட்டுப் பம்பைப் பியருக்குப் பூட்டலாமோ என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்து: அதன் உள்ளே என்ன உலோகம், என்ன எண்ணெய் என்று தெரியாமல் குடிக்கிற சாமானைப் போக விடாதீர்கள்.

தாங்கி நிறைந்துவிட்டதென்று திறக்காமல் எப்படித் தெரியும்?

இதில் யாழ்ப்பாணத்துப் புழுக்கம் எங்களுக்கு உதவி. குளிர்ந்த பியர் ஏறுகிற உயரம் வரை உருக்குத் தாங்கியின் வெளிப்பக்கம் வியர்க்கும். அதற்கு மேலே காய்ந்திருக்கும். அந்த ஈரக்கோடு மேலேறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், விரலால் தடவியும் பார்க்கலாம். குளிர் நாட்டில் இருக்கிறவர்கள் தாங்கியைத் தராசில் வையுங்கள்.

தாங்கியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறன். காற்று இருந்தால் என்ன கெட்டுவிடும்?

கணக்குப் பாருங்கள். 20 லீற்றர்த் தாங்கியில் 19 லீற்றர் பியர், மேலே ஒரே ஒரு லீற்றர் காற்று மிஞ்சியது. அந்த ஒரு லீற்றரில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. அது பியரில் கரைந்தால் லீற்றருக்கு 14 மில்லிகிராம். பெரிய ஆலைகள் தங்கள் பியரில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கத்தான் பாடுபடுகின்றன. ஹொப்ஸ் (கசப்பும் வாசமும் தருகிற பூ) கனக்கப் போட்ட வெளிறிய பியர் முதலில் அடிவாங்கும்: நிறம் மங்கிப் பழுப்பாகும், வாசம் போகும், நனைந்த கடதாசி மட்டை மாதிரி ஒரு சுவை வரும். எங்கள் வெப்பத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

காற்றை வெளியேற்ற நல்ல வழி தண்ணீர். கிருமிநீக்கிக் கரைசலைத் தாங்கியின் வாய்வரை நிரப்பி, மூடி, காபனீரொட்சைட்டால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். தண்ணீர் இருந்த இடம் முழுக்கக் காஸ் ஆகிவிடும். இதைச் செய்யாமல், 2 பாருக்குக் காஸ் ஏற்றிப் பிறகு வெளியே திறந்து விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் மூன்றில் ஒன்றாகக் குறையும். 21 வீதத்தில் தொடங்கி ஐந்து தடவையில் 0.1 வீதத்துக்குக் கீழே வந்துவிடும். வேலை நடக்கும், காஸ்தான் தண்டம். ‘காபனீரொட்சைட்டு பாரம், அடியில் விட்டால் காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்’ என்ற கதையை நம்ப வேண்டாம். விடுகிற வேகத்திலேயே இரண்டும் கலந்துபோகும்.

சிலிண்டர்க் கேஜ் முழுசு என்று காட்டுது, நடுவில் காஸ் முடிந்துபோகுது.

கேஜ் பொய் சொல்லவில்லை, நீங்கள் அதனிடம் தவறான கேள்வி கேட்கிறீர்கள். காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும். திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை கேஜ் வெப்பநிலையைத்தான் காட்டும்: 20 பாகையில் ஏறக்குறைய 57 பார், 30 பாகையில் 72 பார். திரவம் தீர்ந்தபிறகுதான் ஊசி விழத் தொடங்கும்.

குளிர் நாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு சங்கதியும் எங்களுக்கு உண்டு. 31 பாகைக்கு மேலே காபனீரொட்சைட்டு திரவமாகவே இருக்காது. சித்திரை மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் வைத்த சிலிண்டரில் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது, எல்லாம் ஒரே நெருங்கிய வாயு. அமுக்கம் 74 பாரைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். நிறைத்த சிலிண்டரை வெயிலில் விட்டால் பாதுகாப்புத் தகடு வெடித்து முழுக் காஸும் போகலாம். நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு வையுங்கள். எவ்வளவு மிச்சம் என்று அறிய நிறுக்க வேண்டும்: வெறுஞ் சிலிண்டரின் நிறை கழுத்தில் பொறித்திருக்கும், கழித்துப் பாருங்கள். 19 லீற்றர் பியரை 1 பாரில் தள்ள 70 கிராம் அளவு காஸ் போகும் என்று மனதில் வைத்திருங்கள்.

கரண்ட் போனால்?

உருக்குக் கெக்கில் இருந்தால் பயமில்லை, பெரும்பாலும் 9 பார் வரை தாங்குபவை. பிரச்சினை இப்போது எல்லாரும் வாங்குகிற பிளாஸ்ரிக் அமுக்கத் தாங்கிகளில். அவற்றில் பலதில் 2.4 பார்தான் எல்லை என்று அடித்திருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 2.5 கனவளவு காஸ் உள்ள பியர் 30 பாகைக்கு வந்தால் 2.6 பாரை நெருங்கும். அதாவது நீண்ட மின்வெட்டு ஒன்றே தாங்கியை எல்லைக்குக் கொண்டுபோகும். தாங்கியோடு வருகிற பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைக்கவோ, ஒழுகுதென்று நாடா சுற்றி அடைக்கவோ கூடாது. பியர் போனாலும் பரவாயில்லை என்று காஸை விட்டுவிடுவதே புத்தி.

பியரை வடிக்கத்தான் வேணுமோ?

பெரும்பாலும் வேண்டாம். இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, முதலே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் கள்ளைப் பன்னாடையில் வடிப்பார்கள். பூச்சியும் பாளைத் தும்பும் நிற்கும், கள்ளின் வெண்மையும் பொங்கலும் அப்படியே இறங்கும். யாரும் கள்ளுத் தெளிவாக இல்லை என்று குறை சொல்வதில்லை. பியரில் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை எப்படியோ வந்துவிட்டது. ஆலைக்காரருக்கு அதற்கு நியாயம் இருக்கிறது: போத்தல் கடையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். வீட்டில் காய்ச்சுகிறவர் ஒரு மாதத்துக்குள் குடித்து முடிக்கிற பியருக்கு வடிகட்டி பூட்டுவதால் வருவது கூடுதல் ஒட்சிசன், கூடுதல் கழுவல், போன காஸ், வாயில் கொஞ்சம் மெலிந்து தெரிகிற பியர். கோதுமையில் காய்ச்சுகிற வீற் பியர் கலங்கல் இல்லாவிட்டால் வீற் பியரே இல்லை.

தெளிவு வேண்டுமென்றால் முதலில் குளிரையும் பொறுமையையும் பாவியுங்கள். 0 பாகைக்குக் கிட்ட இரண்டு மூன்று கிழமை அசைக்காமல் வைத்தால் மதுவம் அடியில் களிபோலப் படியும். மேலே உள்ளதை மெல்ல மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காய்ச்சும்போதே கொதியின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கராஜீனன் போடுவதும் உதவும். கடற்பாசியில் இருந்து எடுப்பதுதான் அது. வடபகுதிக் கடலில் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அந்தப் பாசியும் அதற்காகத்தான் போகிறது.

ஜெலற்றின் போட்டால் தெளியும் என்கிறார்கள். சைவக்காரர் குடிக்கலாமோ?

ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பில் இருந்து வருவது. அதே வேலைக்குப் போடுகிற ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையில் இருந்து வருவது. இரண்டும் மதுவத்தைக் கட்டிக்கொண்டு அடியில் படியும், குவளைக்கு வருவது மிகச் சொற்பம். ஆனால் அது விஞ்ஞானக் கணக்கு, வீட்டுக் கணக்கு வேறு. பியர் குடிக்கிற, ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத எங்கள் ஆட்கள் கனபேர். அவர்களுக்குக் கொடுப்பதென்றால் சிலிக்காக் கரைசல் பாவியுங்கள், அல்லது கராஜீனனோடும் குளிரோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கின்னஸ் நிறுவனமே ஐசிங்கிளாஸைக் கைவிடுவதாக 2015இல் அறிவித்தது.

வடிக்கத்தான் போறன். காஸ் ஏற்ற முதலோ, பிறகோ?

முதல். காஸ் ஏற்றாத பியரும் முழுக்கக் காஸ் இல்லாதது அல்ல, நொதித்தலில் வந்தது 0 பாகையில் 1.7 கனவளவு வரை தங்கியிருக்கும். ஆனாலும் அதை அடக்கி வைப்பது 2.5ஐ அடக்குவதைவிட எத்தனையோ லேசு. வடித்து, சுத்தமான தாங்கிக்கு எடுத்து, அங்கே காஸ் ஏற்றுங்கள். இஞ்சிச் சோடாக்காரருக்கும் இதுதான்: இஞ்சிச் சாற்றின் மாவைப் படியவிட்டு, துணியில் வடித்து, பிறகுதான் காஸ்.

காஸ் ஏறிவிட்டது, இனி வடிக்கத்தான் வேணும். எப்படி?

மாற்றுகிற அதே முறைதான், நடுவில் ஒரு தடை கூடுகிறது. அந்தத் தடைக்குக் கணக்கு வைத்தால் காரியம் முடிந்தது.

வடிகட்டிக்குள் போகும்போது இருக்கிற அமுக்கம் வெளியே வரும்போது இராது. புதிய வடிகட்டியில் 0.2, 0.3 பார் விழும். அடைக்க அடைக்க 1 பார் வரை விழும். கனபேர் உள்ளே போகிற பக்கத்தைச் சரியாக வைத்துவிட்டு, வெளியே வருகிற பக்கம் சமநிலைக்குக் கீழே விழுந்ததைக் கவனிப்பதில்லை. வடிகட்டிக்குப் பின்னால் நுரை வரும், வடிகட்டிதான் கூடாது என்று திட்டுவார்கள். ஆகவே பின்னால் இருந்து முன்னால் கணக்குப் போடுங்கள். பியர் 2 பாகையில், சமநிலை 0.7. வாங்குகிற தாங்கியை 1.0இல் பூட்டி வையுங்கள், கடைசிவரை அதைக் குறைக்க வேண்டாம். கொடுக்கிற தாங்கியை 1.3இல் தொடங்குங்கள். ஓட்டம் குறையக் குறைய இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2.0 வரை போகலாம். 2.0இலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் வடிகட்டி நிறைந்துவிட்டது. நிறுத்தி மாற்றுங்கள். மேலும் தள்ளினால் பிடித்துவைத்த மதுவம் வடிகட்டியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும்.

வடிகட்டிக் கூட்டுக்குள் காற்று இருக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரால் நிரப்பி, அதைக் காஸால் தள்ளி, பிறகு பியரை மெதுவாக உள்ளே விடுங்கள். கூட்டின் தலையில் காஸ் விடுகிற சின்ன வால்வு இருக்க வேண்டும். உள்ளே சேர்கிற குமிழியை இடைக்கிடை அதால் விடாவிட்டால் வடிகட்டியின் மேல் பாதி காய்ந்து கிடக்கும், கீழ்ப் பாதிதான் வேலை செய்யும். முதல் வருவது தண்ணீர் கலந்த பியர், அதை எடுத்து ஊற்றிவிடுங்கள். கூட்டுக்குள் போடுகிற பத்து அங்குலக் குச்சி வடிகட்டி ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் போதும்.

கூடு எதனால் ஆனது என்பதைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீருக்கென்று ஹாட்வெயார்க் கடைகளில் விற்கிற நீல நிறப் பிளாஸ்ரிக் கூடு தண்ணீருக்குச் சரி. தண்ணீர் நெருங்காது, கூடு வெடித்தால் ஒழுகி முடியும். காஸ் நெருங்கியிருக்கும், வெடித்தால் துண்டு பறக்கும். அமுக்கத்தோடு வடிக்கிறதென்றால் துருப்பிடிக்காத உருக்குக் கூடுதான். தட்டுத் தட்டாக இறுக்கி நாலு பக்கமும் சொட்டுகிற வைன் வடிகட்டியும் இதற்கு வேண்டாம். காஸ் பியரை அது நுரையாக்கி மேசையில் ஊற்றும்.

எத்தனை மைக்ரோன்?

மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. மதுவம் 5 முதல் 10 மைக்ரோன். ஆகவே 5இல் ஒன்று, அதன்பின் 1இல் ஒன்று என்று இரண்டு கட்டமாக வடித்தால் கண்ணுக்குத் தெளிவு. ஒரேயடியாக 1 மைக்ரோனைப் பூட்டினால் சில லீற்றரிலேயே அடைத்துவிடும். பற்றீரியாவைப் பிடிக்க 0.45 மைக்ரோன் சவ்வு வேண்டும். அது ஆலை வேலை. வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அந்த எண் திட்டமானதோ, பெயரளவானதோ? பெயரளவான 1 மைக்ரோன் வடிகட்டி அந்தப் பருமனில் ஒரு பகுதியைப் போக விடும்.

ஏன் குளிராகத்தான் வடிக்க வேணும்?

காஸுக்காக மட்டும் அல்ல. பியரில் உள்ள புரதமும், தானியத்திலும் ஹொப்ஸிலும் இருந்து வருகிற துவர்ப்புப் பொருளான பொலிபீனோலும் குளிரில் சேர்ந்து மெல்லிய புகார் மாதிரிக் கலங்கும், சூட்டில் திரும்பக் கரைந்துவிடும். 15 பாகையில் தெளிவாக வடித்த பியர் குளிர்ப்பெட்டிக்குள் போனதும் கலங்குவது இதனால்தான். குடிக்கிற குளிரைவிடக் கூடிய குளிரில், 0 பாகையில், ஒரு இரண்டு நாளாவது வைத்து அந்தக் குளிரிலேயே வடியுங்கள்.

ஆலைகளில் போடுகிற வெள்ளை மண் மா கிடைத்திருக்குது. பாவிக்கலாமோ?

டயற்றம் மண். வடிக்க மிக நல்லது, சுவாசிக்க மிகக் கூடாது. அதில் உள்ள பளிங்குச் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும், பிறகு மாறாது. சரியான தூசு முகமூடியும் அதற்கென்ற இயந்திரமும் இல்லாமல் சாக்கைப் பிரிக்கவே வேண்டாம்.

எங்கடை கிணற்றுத் தண்ணியில் கழுவினால் தாங்கியில் வெள்ளை படியுது.

குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லில் நிற்கிறது, தண்ணீரில் கல்சியம் இருக்கத்தான் செய்யும். அதோடு பியரே ‘பியர்க்கல்’ என்ற கல்சியம் ஒட்சலேற்றுப் படிவைத் தாங்கியில் விடும். சொரசொரப்பான அந்தப் படிவில் இருந்துதான் அடுத்த பியரின் குமிழிகள் புறப்படும். ‘நான் எல்லாம் சரியாய்ச் செய்தும் நுரைக்குது’ என்பவர்கள் தாங்கியின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். எரிசோடா அழுக்கை எடுக்கும், கல்லை எடுக்காது. அதன்பின் பொசுபோரிக் அமிலம் போன்ற ஒன்றால் கழுவ வேண்டும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நடுவில் தண்ணீர்.

எரிசோடாவில் இன்னொரு ஆபத்து, இதைப் பெரிய தாங்கிக்காரர் கட்டாயம் அறிய வேண்டும். பியர் எடுத்த தாங்கிக்குள் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும். மூடிய தாங்கிக்குள் எரிசோடாவைப் பீச்சினால் அது காஸை உறிஞ்சி உப்பாக்கிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக் காற்றின் அமுக்கத்தில் உருக்குத் தாங்கி தகரப் பேணிபோல நசுங்கும். உள்ளிருந்து 2 பாரைத் தாங்குகிற தாங்கி வெளியில் இருந்து வருகிற அமுக்கத்தைத் தாங்கும் என்றில்லை. முதலில் மூடியைத் திறந்து காஸைப் போகவிட்டு, தண்ணீரால் கழுவி, திறந்த நிலையிலேயே எரிசோடாவைப் பாவியுங்கள்.

சின்ன அறைக்குள் இதெல்லாம் செய்யலாமோ?

கதவு யன்னல் திறந்திருந்தால் செய்யலாம். காபனீரொட்சைட்டுக்கு மணமில்லை, காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பள்ளத்தில் தேங்கும். கிணற்றுக்குள் இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் எங்கள் பக்கம் புதிதல்ல. மூன்று மீற்றர் நீள அகல உயரமுள்ள பூட்டிய அறைக்குள் 2 கிலோ காஸ் ஒழுகினால் காற்றில் அது 4 வீதம் ஆகிவிடும். உயிருக்கு ஆபத்தான அளவு அது. தலையிடி, மூச்சு வாங்கல் வந்தால் வால்வைத் தேடி நிற்காமல் முதலில் வெளியே வாருங்கள். பெரிய தாங்கிக்குள் தலையைவிட்டுப் பார்ப்பது, துடைக்க இறங்குவது கூடவே கூடாது.

வடித்தபிறகு காஸ் குறைந்துபோச்சு. என்ன செய்யலாம்?

கெக்கை 2 பாகையில் வைத்து 0.7 பாரில் காஸைத் திறந்து விட்டு ஒரு கிழமை பொறுங்கள். தன்பாட்டில் சமநிலைக்கு வரும், கூடவும் மாட்டாது. அமுக்கத்தை 2, 3 பாருக்கு ஏற்றிக் கெக்கை உருட்டுகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிப்பார்கள், ஆனால் எங்கே நிறுத்துவது என்பது ஊகம்தான். உருட்டுவதற்கு முன் காஸ் லைனில் பின்னோட்டத் தடை வால்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பியர் ரெகுலேற்றருக்குள் (சிலிண்டரின் அமுக்கத்தைக் குறைத்துக் கொடுக்கிற கருவி) ஏறும்.

வடித்த பியரைப் போத்தலில் சீனி போட்டுக் காஸ் ஏற்றலாமோ?

ஏலாது. சீனியைக் காஸாக்குகிற மதுவத்தைத்தான் வடிகட்டியில் விட்டுவிட்டீர்களே. புது மதுவம் சேர்த்தால் ஏறும், ஆனால் போத்தல் அடியில் பழையபடி மண்டி படியும். பிறகு வடித்ததற்கு என்ன பலன்? போத்தலில் சீனி போடுகிற எண்ணம் இருந்தால் வடிகட்டியை வாங்கவே வேண்டாம்.